தொகுப்பு வீடும் வெள்ளமும்: உயர்த்த வேண்டியது எதை?

தமிழ்நாடு அரசு தன் 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஓர் அறிவிப்பு செய்தது. 2001ஆம் ஆண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்டு, இனிப் பழுதுபார்க்க முடியாது என்ற நிலைக்குப் போய்விட்ட ஊரக வீடுகளுக்குப் பதிலாக 25,000 புதிய வீடுகள், 600 கோடி ரூபாய் செலவில் கட்டப்படும் என்பதே அது. கணக்குப் போட்டால் ஒரு வீட்டுக்கு 2.40 லட்சம். பழுதுபார்த்தால் நிற்கும் என்ற நிலையிலுள்ள வீடுகளுக்கு அதற்கு முன்பே தனித் திட்டம் வந்துவிட்டது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. அந்த வீடுகளில் இருப்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். நாம் காலனி வீடு என்றும் தொகுப்பு வீடு என்றும் சொல்லிப் பழகியவை அவை.

ஆனால், ‘பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா’ என்று முடிவெடுக்க வரும் பொறியாளர் கூரையைப் பார்க்கிறார், சுவர் விரிசலைப் பார்க்கிறார், கம்பி வெளியே தெரிகிறதா என்று பார்க்கிறார். கடைசியாக வந்த வெள்ளம் இந்தச் சுவரில் எதுவரை ஏறியது என்பதையும் அவர் அளந்தாக வேண்டும். அதைக் கணக்கில் எடுக்காமல் பழைய மட்டத்திலேயே புது வீடு கட்டினால் புது வீடும் மூழ்கும். அரசு செலவழித்ததாகவும் இருக்கும், மக்கள் மார்கழியில் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கிடப்பதாகவும் இருக்கும்.

வீடு ஏன் மூழ்குகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கியபோது அது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கான திட்டமாகத்தான் இருந்தது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, மேலே தட்டைக் கான்கிரீட் கூரை. தளம் தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி உயரம். கட்டிய அன்றைக்கு அது போதுமானதாகத் தெரிந்திருக்கலாம். அதன் பிறகு நாற்பது வருடங்களில் தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலையின் மேலேயே போட்டார்கள். தெரு ஏறியது, வீடு இறங்கியது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்த வேண்டியிருந்தது என்றால், அதுவரை நடந்தது என்ன என்பது விளங்கும். சேரிக்கு வெளியே ஓடும் நெடுஞ்சாலையோ இன்னும் பெரிய கரை. ஊர்த் தண்ணீர் வடிகிற வழியில் அந்தக் கரையை எழுப்பிவிட்டு, அடியில் ஒரு சிறிய குழாய்ப் பாலம் வைப்பார்கள். அதில் குப்பை அடைத்துக்கொண்டால் தேங்கும் இடம் நம் தெரு.

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. வீட்டுக்குள் கிராவல் மண் அடித்துத் தரையை ஏற்றினார்கள். ஓரடி ஏற்றினால் கூரை ஓரடி தாழ்கிறது, நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கிறது. இரண்டாவது முறை ஏற்ற வழியில்லை. வாசலில் இரண்டு வரிசை செங்கல் வைத்துப் பூசினார்கள். தண்ணீர் வாசல் வழியாக வராமல் கழிப்பறை வழியாக வந்தது. இவையெல்லாம் அரசுக் கணக்கில் எங்கும் ஏறாத செலவுகள். பெரும்பாலும் பெண்களின் குழுக் கடனில் நடந்தவை.

ஆனால் தெரு ஏறியது பாதிக் கதைதான். முதலில் அந்த வீடு ஏன் பள்ளத்தில் கட்டப்பட்டது?

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்குக் கொடுத்த அறிக்கை நமக்குப் பஞ்சமி நிலத்தின் தொடக்கமாகத்தான் தெரியும். அதில் வீட்டு மனைப் பிரச்சினையும் இருக்கிறது. சேரி இருக்கும் மண்ணே மிராசுதாரருடையது. அவர் நினைத்தால் குடிசையோடு கிளப்பிவிடலாம். கூலி கேட்டால் வீடு போகும் என்ற அச்சத்தின் மேல்தான் பண்ணை வேலை நடந்தது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் ஒரு குடிசைக்குள் வைத்துத்தான். நிலக்கிழாரின் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு மனை சொந்தம் என்று சொல்லும் குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. ஆதிதிராவிடர் நலத்துக்கு மனை கையகப்படுத்தும் தனிச் சட்டம் 1978இல் வந்தது.

சட்டம் மனை கொடுத்தது, எந்த மனை என்பதை ஊர் தீர்மானித்தது. எந்த ஊரிலும் கோயிலும் நத்தமும் மேட்டில் இருக்கும். ஆதிதிராவிடர் மனைக்கென்று நிலம் தேடும்போது பல இடங்களில் கிடைத்தது விலை குறைந்த நஞ்சைப் பள்ளம், ஏரியின் வடிகால் ஓரம், வாய்க்கால் புறம்போக்கு, சுடுகாட்டுப் பக்கம். டெல்டாவில் கீழத்தெரு என்ற சொல்லுக்குக் கிழக்குத் தெரு என்பதுதான் பொருள். ஆனால் மழைக்காலத்தில் அதற்கு இன்னொரு பொருளும் வந்துவிடுகிறது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. பெயரோடு பள்ளமும் நீங்க வேண்டும்.

வெள்ளத்தை எல்லோருக்கும் பொதுவான இயற்கைப் பேரிடர் என்று சொல்வதை இந்த இடத்தில்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. மழை பொதுவாகத்தான் பெய்கிறது. அது எங்கே தேங்கும் என்பது முன்பே முடிவாகிவிட்டது.

இனி, செய்யக்கூடியது என்ன என்பதற்கு வருவோம். பழைய வீட்டை வெள்ளத்திலிருந்து காக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் நம் இளைஞர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒப்பந்தக்காரர் சொல்வதுதான் முடிவாக இருக்கும்.

முதலாவது, வீட்டை அப்படியே வைத்துத் தண்ணீர் வந்தாலும் சேதம் குறைவாக இருக்கும்படி மாற்றுவது. மின் பெட்டியையும் சுவிட்சுகளையும் வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றுவது, கான்கிரீட் பரண் போடுவது, கழிப்பறைக் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு வைப்பது, அடிபம்பு மேடையை உயர்த்துவது. முக்கியமானது மொட்டை மாடிக்குப் படிக்கட்டு. தட்டைக் கூரை போட்ட பழைய தொகுப்பு வீடுகள் பலவற்றில் மேலே ஏறப் படியே கிடையாது. இரவில் தண்ணீர் ஏறினால் தப்பிக்க ஒரே இடம் தலைக்கு மேலே இருந்தும் ஏற வழியில்லை. குடும்ப அட்டையும் சாதிச் சான்றிதழும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் நனைந்து போனால் மறுபடி வாங்க எத்தனை நாள் கூலி போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு பரணும் ஒரு படிக்கட்டும் இதில் பாதியைத் தடுக்கும். இரண்டடிக்குக் குறைவாகத் தண்ணீர் வந்து சீக்கிரம் வடிகிற இடத்துக்கு இந்த வழி போதும்.

இரண்டாவது, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது. சுவரின் அடியில் தோண்டி, வரிசையாக ஜாக்கிகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, கீழே செங்கல்லும் கான்கிரீட்டும் அடைப்பார்கள். சென்னையில் நடுத்தர வர்க்கத் தனி வீடுகள் பல இப்படி உயர்ந்துவிட்டன. ஆனால் இதற்குச் சுவர் உறுதியாக இருக்க வேண்டும். மண் சாந்தில் கட்டி வெள்ளத்தில் பலமுறை ஊறிய சுவர், துருப்பிடித்துக் கம்பி வெளியே தெரியும் கூரை இவற்றைத் தூக்குவது ஆபத்து. இரண்டு வீட்டுக்கு ஒரே நடுச்சுவர் என்றால் இரண்டையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். ஒரு குடும்பத்திடம் பணம் இருந்து அடுத்த குடும்பத்திடம் இல்லாவிட்டால் வேலை நடக்காது.

மூன்றாவது, இடித்துக் கட்டுவது. கூரைக் கான்கிரீட் பெயர்ந்து, சுவர் நெடுக விரிசல் ஓடிய வீட்டுக்கு இதுதான் வழி. அப்படிக் கட்டும்போது புதுத் தளம் கடைசிப் பெரிய வெள்ளத்தின் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். மூன்றடி, நான்கடி மேடை எழுப்ப மண், கல், கூலி எல்லாம் ஆகும். 2.40 லட்சத்தில் அந்த மேடைக்குத் தனியாகப் பணம் ஒதுக்காவிட்டால் மேடை வராது, அல்லது வீடு பாதியில் நின்று கந்துவட்டி வரும். எனவே ‘தள உயரத்துக்குத் தனித் தொகை’ என்பது முதல் கோரிக்கையாக வேண்டும்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு வீடு ஏறினால் அந்த வீட்டின் தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போகும். வசதியானவர்களின் நகரில் நடப்பது இதுதான்: மேலே ஏற முடிந்தவர் ஏறுகிறார், முடியாதவர் வாங்கிக்கொள்கிறார். நம் தெருவிலும் அதைத் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை. அரசு ஒவ்வொரு வீடாகப் பயனாளிப் பட்டியல் போடுவதை விட்டு, தெருவை முழுதாக எடுத்து, தளம், சாலை, வடிகால் மூன்றின் மட்டத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

நிவாரண விதிகளும் இதற்கு எதிராகத்தான் இருக்கின்றன. 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண நெறிகளின்படி சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதமான கான்கிரீட் வீட்டுக்கு, குறைந்தது 15 விழுக்காடு சேதம் இருந்தால், 6,500 ரூபாய். குடிசைக்கு 8,000. நான்கு நாள் தண்ணீரில் ஊறி, விழாமல் நிற்கும் சுவருக்கு மதிப்பு 6,500 அல்லது ஒன்றுமில்லை. அதற்கும் மேலே, அந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று அதிகாரி சான்றளிக்க வேண்டும். பட்டா இல்லாத வாய்க்கால் ஓரத்தில் இருப்பவர் அந்தச் சான்றுக்கு எங்கே போவார்? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் அந்தத் தண்ணீர் யாரிடமும் பட்டா கேட்கவில்லை.

“அப்படியானால் அந்த இடத்தில் ஏன் மறுபடி கட்ட வேண்டும், வேறு இடத்துக்குப் போகலாமே” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நேர்மையான கேள்வியும் இருக்கிறது. ஆற்றின் உள்வாயில், ஒவ்வோர் ஆண்டும் ஆளுயரத் தண்ணீர் வரும் இடத்தில், எவ்வளவு உயர மேடை போட்டாலும் பயனில்லை. அங்கே மேடை கேட்பது மக்களை ஏமாற்றுவது. ஆனால் ‘வேறு இடம்’ என்பதற்குச் சென்னை காட்டிய முன்மாதிரி என்ன? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம், அடையாற்றுக் கரைகளில் வெள்ள அபாயம் என்று சொல்லி அப்புறப்படுத்தப்பட்டவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயும் தண்ணீர் வந்தது. வேலையும் பள்ளியும் மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போயின. அதே நகரத்தில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது, பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ஆக்கிரமிப்பு என்ற சொல் அவற்றின் மேல் ஒட்டுவதில்லை.

ஆகவே நம் நிலைப்பாடு தெளிவாக இருக்கட்டும். காக்க முடிகிற வீடு இருக்கும் இடத்திலேயே உயர வேண்டும். காக்க முடியாத இடமென்றால் அதே ஊரின் மேட்டு நிலத்தில் மனை வேண்டும். ஊர் நத்தத்தில் இடமில்லை என்றால், 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கு என்று ஒதுக்கப்பட்டுக் கைமாறிப்போன பஞ்சமி நிலங்களை மீட்டு அதில் மேடான பகுதியைக் கொடுக்கட்டும். ஊரை விட்டு வெளியே என்பதை ஏற்க முடியாது. சேரியை ஊருக்கு வெளியே வைத்ததன் விளைவைத்தான் இப்போது வெள்ளமாக அனுபவிக்கிறோம், அதற்கே தீர்வாக இன்னும் வெளியே அனுப்புவதா? எங்கே கட்டினாலும் பட்டா வீட்டுப் பெண்ணின் பெயரில் வேண்டும்.

இதற்கு நாம் இப்போதே செய்யக்கூடிய வேலை உண்டு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் ஒன்று போதும். உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டின் தளமும் ஊர்க் கோயில் வாசலை விட, பெரிய சாலையை விட எத்தனை அடி தாழ்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். சுவரில் இருக்கும் வெள்ளக் கோட்டைப் பெயிண்ட்டால் அழியாமல் குறித்து ஆண்டைப் போடுங்கள். எந்தக் குழாய்ப் பாலம் அடைத்திருக்கிறது, எந்த வீட்டுக்குப் படி இல்லை என்று பட்டியலிடுங்கள். அந்த அளவுகளை அக்டோபர் 2 கிராம சபையிலும் நவம்பர் 1 கிராம சபையிலும் தீர்மானமாக வையுங்கள். “எங்கள் பகுதி தாழ்வானது” என்று பொதுவாகச் சொன்னால் அதிகாரி தலையாட்டிவிட்டுப் போவார். “எங்கள் நாற்பது வீடுகளும் உங்கள் சாலையை விட இரண்டே முக்கால் அடி கீழே இருக்கின்றன, நாங்கள் அளந்திருக்கிறோம்” என்றால் அவர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் பதில் வராமல் எந்தத் தெருவிலும் புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட விடக்கூடாது.