நாடாவுக்கும் தீட்டா?

தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றி மேடையில் முழங்குவோருக்குப் பஞ்சமில்லை. அவ்வொற்றுமை தறிக்கூடத்து வாசற்படியிலேயே நின்றுபோன கதையைச் சொல்லத்தான் ஆளில்லை. ஆகவே நாம் சொல்லுகிறோம்.

அக்காலத்துப் பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவு இலாகாவில் கூலி அதிகம். நூற்பு இலாகாவில் குறைவு. தாழ்த்தப்பட்டோருக்கு நூற்பில் இடமுண்டு; நெசவில் கிடையாது. கிடையாதென்றது யார்? முதலாளியா? அல்ல, பக்கத்துத் தறியில் நின்ற ஏழைத் தொழிலாளிதான்! காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். தார் தீர்ந்து புதுத்தார் மாட்டும்போது, ஊடை நூலின் முனையை நாடாவின் துவாரத்தில் வாய் வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவன் வாய் வைத்த நாடாவில் மற்றொருவனும் வைக்க நேரும். தாழ்த்தப்பட்டவன் எச்சில் பட்டால் ஜாதி போய்விடுமாம்!

மற்ற ஜாதியான் எச்சில் மட்டும் சர்க்கரைப் பாகோ? இவ்வழக்கம் நோயைப் பரப்புமென்றுதான் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணம் 1911லேயே சட்டம் போட்டு இதைத் தடுத்தது. க்ஷயரோகக் கிருமி ஆளின் கோத்திரத்தைக் கேட்டுக்கொண்டு நுழைவதில்லை. எச்சிலுக்குப் பயந்தவர்கள், கையால் நூல் கோர்க்கும் நாடாவையல்லவா கேட்டிருக்க வேண்டும்? அதை விட்டு ஆளைத் தள்ளினார்களென்றால், பயம் எச்சிலைப் பற்றியதா, உயர்ந்த கூலியைப் பங்கு போடுவதைப் பற்றியதா?

1928ல் அவ்வாலைகளில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெருவேலைநிறுத்தம் நடந்தது. எல்லோரும் பட்டினி, தாழ்த்தப்பட்டவனும் பட்டினி. ஆனால் கோரிக்கைப் பட்டியலில் அவன் குறையை மட்டும் காணோம்! நெசவு இலாகாவைத் திறக்கும் கோரிக்கையைச் சேர்க்காவிட்டால் தம் மக்களை விலகச் சொல்லுவதாக டாக்டர் அம்பேத்கர் கண்டிப்பாய்ச் சொன்ன பிறகே தலைவர்கள் அரைமனதாய்ச் சேர்த்தார்கள். முதலாளிகளோ, இது அநீதியானால் அதற்கு நாங்கள் ஜவாப்தாரிகளல்லவென்று கை கழுவினார்கள். முதலாளி யோக்கியன் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தப் பதிலை அவன் கையில் எடுத்துக் கொடுத்தது யார் என்றுதான் கேட்கிறோம்.

நிற்க, இது பழங்கதையென்று சில தோழர்கள் சொல்லக்கூடும். மலக்குழியில் பாதுகாப்பின்றி ஆளை இறக்கக்கூடாதென்று 2013ல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவன் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் கொடுக்கவேண்டுமென்று 2023ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அப்படியும் இறங்குகிறவன் எந்த வகுப்பான் என்பது நாடறிந்தது. அதே நகரசபையில் குமாஸ்தாத் தோழரும் டிரைவர் தோழரும் இருக்கிறார்களே! “அவனை இறக்காதே, இயந்திரம் கொண்டு வா” என்று தம் வேலையை ஒரு நாளாவது நிறுத்தியவர் எத்தனை பேர்?

சங்கத் தலைவரொருவரிடம் இதையே கேட்டோம். “அவர்களுக்குத்தான் தனிச் சங்கம் இருக்கிறதே” என்றார். தனிக்கிணறு, தனிச்சுடுகாடு, இப்போது தனிச்சங்கமுமா என்றோம். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இக்கோரிக்கையை முதலாவதாக வைப்பீர்களா என்றும் கேட்டோம். மேதினக் கூட்டத்துக்கு நேரமாகிறதென்று எழுந்து போய்விட்டார்.