மனை வாங்கப் போறீங்களா? மழையில் போய்ப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். சென்னைப் புறநகர் மனைகளுக்கு ஆள் ஏற்றும் வேன் கிளம்பி விடுகிறது. பயணம் இலவசம். மத்தியான சாப்பாடும் உண்டு. போய் இறங்கினால் வெள்ளையடித்த எல்லைக் கல், கலர் கொடி, செம்மண் ரோடு.

"ஸ்டேஷன் பத்தே நிமிஷம் சார். பக்கத்துலயே பள்ளிக்கூடம் வருது. இன்னும் நாலு மனைதான் பாக்கி" என்கிறார் புரோக்கர்.

வெயில் சுள்ளென்று அடிக்கிறது. தரை காய்ந்து கிடக்கிறது. அந்த வெயிலில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வாடகை வீட்டில் அல்லல்பட்ட குமாஸ்தா அங்கேயே அட்வான்ஸ் கொடுத்து விடுகிறார். அது சும்மா வந்த பணமா? பி.எப். கடன், மனைவியின் கழுத்துச் சங்கிலி, இருபது வருஷ மாதத் தவணை!

கார்த்திகை பிறந்தால் சங்கதி தெரிகிறது. வாசலில் முழங்கால் தண்ணீர்!

தண்ணீர் வழியை மறக்காது

சென்னையைச் சுற்றி இருந்தவை ஏரிகள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ள ஏரிக்குப் போகும். கடைசியில் ஆறு, சதுப்பு நிலம், கடல். இடையில் ஓடிய கால்வாயை மூடி மனை போட்டால் தண்ணீர் வழியை மறந்து விடுமா?

இன்று நகைக்கடையும் ஜவுளிக்கடையும் நிறைந்த தியாகராய நகரே 1920-களில் மாம்பலம் ஏரியை வற்ற வைத்து உண்டானதுதான். நுங்கம்பாக்கத்தில் ஒரு பகுதிக்கு இன்றும் 'லேக் ஏரியா' என்றே பெயர்.

2015 டிசம்பர் 1-ந் தேதி பெய்த மழையை யாரும் மறக்கவில்லை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மேலே இருந்த ஏரிகள் நிரம்பி வழிந்து தெருக்கள் ஆறாயின. ஜனங்களைப் படகில் மீட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை திறந்து விட்டதில் அடையாறு கரை புரண்டு ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் தவித்தன.

எட்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 4-ந் தேதி மிக்ஜாம் புயல். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும் இடம். பழைய பரப்பில் பெரும்பகுதி போய், மிஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. போன பகுதியில் என்ன இருக்கிறது? கட்டடங்களும், ரோடும், குப்பைமேடும்!

ஊர்ப் பெயரிலேயே சில சமயம் துப்பு இருக்கும். தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என்று பெயர் வந்தது அதனால்தான். அங்கே எல்லாத் தெருவும் மூழ்கும் என்று அர்த்தமில்லை. மனை பார்ப்பவர் கூடுதலாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

யாரைக் கேட்பது?

புரோக்கரைக் கேட்காதீர்கள். தெருமுனை டீக்கடைக்காரரைக் கேளுங்கள். இஸ்திரி வண்டிக்காரரை, பால் போடுபவரைக் கேளுங்கள். "2015-ல இந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி? 2023-ல எத்தனை நாள் நின்னுச்சு?" இந்த இரண்டு கேள்வி போதும்.

யாரும் சொல்லாவிட்டாலும் சுவர் சொல்லும். காம்பவுண்டு சுவரில் நேர்கோடாகப் பழைய கறை இருக்கிறதா? புதிதாகக் கட்டிய வீடுகளுக்கெல்லாம் நாலைந்து படி வைத்திருக்கிறார்களா? மின்சார மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்களா? அந்தத் தெருக்காரர்கள் பட்டுத் தெரிந்து கொண்டவர்கள்.

இன்னொன்று. பக்கத்தில் புது மனைப்பிரிவு வந்தால் இரண்டு அடி மண் அடித்து உயர்த்துவார்கள். ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டு விடுவார்கள். அப்போது பழைய வீடு இருந்த இடத்திலேயே பள்ளமாகி விடும். ஆகவே பழைய வீடு வாங்குபவர் ரோட்டுக்கும் வாசற்படிக்கும் உள்ள உயரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

கோடையில் வேறு பாடு

மழையில் மிதக்கும் ஊர் மே மாதத்தில் குடம் தூக்கும். 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. வீட்டுக் கேட்டில் லாரித் தண்ணீர்க்காரர் போன் நம்பர் ஒட்டியிருந்தால், அங்கே தண்ணீர் காசுக்குத்தான் என்று புரிந்து கொள்ளலாம். போர் எத்தனை அடி, தண்ணீர் உப்பா என்று கேட்டு, ஒரு வாய் குடித்தே பார்க்கலாம்.

ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் மாநகராட்சி ஆயின. போர்டு மாறியது சரி. பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறதா என்பதே கேள்வி. வரப் போகிறது என்பதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

பத்து நிமிஷம் யாருக்கு?

பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அந்தப் பாதையை ஒட்டித்தான் புறநகரே வளர்ந்தது. ஆனால் இன்று மனை போடுவது ஸ்டேஷனிலிருந்து ஏழெட்டு கிலோ மீட்டர் உள்ளே. புரோக்கர் சொல்லும் பத்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை காலி ரோட்டில் அவருடைய காருக்கு! திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்க்கட்டும்.

கணக்குப் போடுங்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மாதம் 25 நாள் வேலை என்றால் 75 மணி நேரம். முழுசாக மூன்று நாள் ரோட்டிலேயே போய் விடுகிறது. ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நடை 20 ரூபாய் என்று வைத்தாலும், வேலைக்குப் போகும் இரண்டு பேருக்கு மாதம் 2,000 ரூபாய். விலை குறைந்த மனை என்று சொல்லும் முன்பு இதையும் கூட்ட வேண்டாமா?

காகிதத்தில் கண் வையுங்கள்

ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றவர்கள், போலிப் பவர் பத்திரம் காட்டியவர்கள் பற்றிப் போலீசுக்கு வரும் புகார்களுக்குக் குறைவில்லை. ஏமாந்தவர்களில் படிக்காதவர்கள் மட்டும் இல்லை. அவசரப்பட்டவர்கள்தான் அதிகம்.

மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. 2016-ல் ஐகோர்ட்டு அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டபோது, வாங்கியவர்கள் விற்க முடியாமல் திண்டாடியதை மறக்கக் கூடாது.

500 சதுர மீட்டரும் 8 மனையும் தாண்டிய திட்டம் என்றால் ரெரா பதிவு எண் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்தில் ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம்.

தாய்ப் பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கச் சான்று மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். வில்லங்கத்தில் பதிவான விவகாரம்தான் தெரியும். கோர்ட்டில் கிடக்கும் வழக்கு தெரியாது. கிராம 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்து விடுங்கள்.

எல்லாவற்றையும் விட நல்ல யோசனை ஒன்று உண்டு. மனசுக்குப் பிடித்த ஊரில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த வாடகை நஷ்டமல்ல. பள்ளத்தில் இரண்டு கிரவுண்டு இருப்பதை விட மேட்டில் அரை கிரவுண்டு மேல்!

அரசு சும்மா இருக்கலாமா?

ஜனங்கள் ஆசைப்பட்டா பள்ளத்துக்குப் போனார்கள்? மேட்டு மனை அவர்கள் சம்பளத்துக்கு எட்டவில்லை. அதனால் போனார்கள். எச்சரிக்கையாக இரு என்று அவர்களுக்கு மட்டும் உபதேசம் செய்வது நியாயமில்லை.

கடன் கொடுக்கும் பாங்கு பத்திரத்தைப் பார்க்கிறது. அனுமதி தரும் ஆபீஸ் வரைபடத்தைப் பார்க்கிறது. பதிவு ஆபீஸ் தீர்வையைப் பார்க்கிறது. மேடா பள்ளமா என்று பார்ப்பது யார்?

மனைக் கிரயத்தில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 100 ரூபாய்க்கு 9 ரூபாய் அரசு வாங்கிக் கொள்கிறது. வாங்கும் அரசு ஒரே ஒரு வரி சொல்லட்டும். 2015-ல் இந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர், 2023-ல் எத்தனை அடி! ஒவ்வொரு சார்பதிவாளர் ஆபீஸ் வாசலிலும், ஒவ்வொரு வி.ஏ.ஓ. ஆபீசிலும் அந்தப் பட்டியலை போர்டில் எழுதி வைக்கட்டும். நீர்நிலை சர்வே எண்களையும் பக்கத்திலேயே எழுதட்டும். அதிகாரிகளிடம் கணக்கு இல்லாமல் இல்லை. ஜனங்கள் கண்ணில் படும்படி வைப்பதற்குத்தான் மனசு வேண்டும்.

அடுத்த ஐப்பசிக்கு முன்பு அந்த போர்டு வர வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பவர் அதைப் படித்து விட்டுக் கொடுக்கட்டும். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?