ஒரே நுகத்தில் பெரிய மாடும் பூஞ்சிட்டும்

நம் பக்கத்தில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்க்காதவர்கள் குறைவு. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனியாகத்தான் விடுவார்கள். பெரிய மாட்டையும் பூஞ்சிட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிக்கொண்டு எவனாவது வந்தால் ஊரே சிரிக்கும். அதே கூத்து இப்போது கார் டிக்கிக்குள் நடக்கிறது. யாரும் சிரிப்பதில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

சப்ஊஃபரைச் சொல்கிறேன். தெரியாதவர்களுக்கு: காரின் பின்னால் மரப்பெட்டிக்குள் வைக்கும் பெரிய ஸ்பீக்கர். பாட்டின் அடிச்சத்தத்தை, அதாவது ஏறக்குறைய 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை உள்ளதை மட்டும், கொடுப்பது அதன் வேலை. அதில் 10 இன்ச் ஒன்று, 15 இன்ச் ஒன்று என்று அளவு மாற்றிச் சேர்த்துப் போடுவது அன்னவாசல் பையன்களிடமும் நாகரிகமாகிவிட்டது. அது வீண் செலவு, பாட்டுக்கும் கேடு என்பது என் கட்சி. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

என் அக்கா பேரன் திருச்சியில் ஒரு கடையில் இப்படித்தான் போட்டுக்கொண்டு வந்தான். "தாத்தா, சின்னது டக்குடக்குன்னு அடிக்கும், பெரிசு கும்முனு இறங்கும். ரெண்டும் சேர்ந்தா எல்லாமே கிடைக்கும்னு கடைக்காரர் சொன்னார்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 40 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 40 முறை அசைய வேண்டும். 10 இன்ச்சும் 40 முறைதான், 15 இன்ச்சும் 40 முறைதான். இதில் சின்னதுக்கு என்ன தனி வேகம்? சொல்லப்போனால் சின்னதுக்குத்தான் பாடு அதிகம். பத்தைப் பத்தால் பெருக்கினால் 100. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் 225. அதே அளவு காற்றைத் தள்ள 10 இன்ச் இரண்டேகால் மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். அந்த "டக்கு" பெரும்பாலும் கதவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருவது. பெயர் மட்டும் டிக்கியில் இருப்பதற்கு!

அடுத்தது இதைவிட முக்கியம். அந்தக் காலத்து மைக் செட்காரர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கர் பெட்டியை ஒன்றாக வைப்பதற்கு முன்னால் டார்ச் லைட் பேட்டரி ஒன்றை எடுத்து ஒயரில் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டின் தாளும் முன்னால் துள்ள வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் ஒயரை மாற்றிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ஒன்றின் சத்தத்தை இன்னொன்று தின்றுவிடும். ஏட்டுப் படிப்பு இல்லாதவர்கள், ஆனால் விஷயம் தெரிந்தவர்கள்.

அளவு வேறான சப்ஊஃபர்களில் ஒயர் சரியாக இருந்தாலும் இந்தச் சிக்கல் வரும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. அதைத் தாண்டும் இடத்தில் தாள் அசைவது சற்று முன்பின்னாக மாறும். சின்னதுக்கும் பெரிசுக்கும் அந்த இடம் வேறு வேறு. ஆகவே சில சுரங்களில் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஒரே பெட்டிக்குள் தடுப்பு இல்லாமல் வைத்துவிட்டால் பெரிசு கொடுக்கும் அழுத்தம் சின்னதன் தாளையும் பிடித்து ஆட்டும்.

மின்சாரக் கணக்கும் உதைக்கும். 4 ஓம் ஒன்றையும் 2 ஓம் ஒன்றையும் இணையாகக் கொடுத்தால் மொத்தம் 1.33 ஓம். 2 ஓம் வரைதான் தாங்கும் ஆம்ப்ளிஃபையர் சூடேறி நின்றுவிடும். நின்றால் நல்ல காலம், நிற்காவிட்டால் புகை.

"தவிலுக்கு மட்டும் வலந்தலை வேறு, தொப்பி வேறு இல்லையா சார்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. தவிலில் இரண்டு பக்கமும் ஒரே சொல்லைச் சொல்வதில்லை. ஒன்றில் கழி விழுகிறது, ஒன்றில் விரல் விழுகிறது; வேலை வேறு. ஸ்பீக்கரிலும் மேல் சுரத்துக்குச் சின்னது, நடுவுக்கு நடுத்தரம், அடிக்குப் பெரிசு என்று பிரிப்பது சரிதான். வேலை வேறாக இருந்தால் அளவும் வேறாக இருக்கட்டும். ஒரே வேலைக்கு இரண்டு அளவு எதற்கு? சுரங்களை வகை பிரித்துப் பாறையில் வெட்டி வைத்த குடுமியான்மலை நமக்குப் பக்கத்து ஊர் ஐயா!

முடியவே முடியாதா என்றால், முடியும். தனித்தனிப் பெட்டி, தனித்தனி ஆம்ப்ளிஃபையர், எது எந்த அதிர்வெண் வரை என்று பிரித்துக் கொடுக்கும் கருவி, மைக் வைத்து அளந்து நேரம் சரிசெய்ய ஒரு கைதேர்ந்த ஆள். இத்தனையும் இருந்தால் செய்யலாம். அந்தப் பணத்துக்கு ஒரே மாதிரி இரண்டு 12 இன்ச் வாங்கி நல்ல பெட்டியில் போட்டால் தொல்லையில்லாமல் இதைவிட நன்றாகக் கேட்கும். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே எட்டரை மீட்டர். நம் பையன்கள் வைத்திருக்கும் காரோ பெரும்பாலும் 4 மீட்டருக்குள். அவ்வளவு சின்ன இடத்தில் அடிச்சத்தம் தானாகவே கூடும். பலருக்கு ஒரே ஒரு நல்ல 12 இன்ச் போதும்.

பேரன் காரில் நான் செய்தது ஒன்றுதான். சின்னதன் ஒயரைக் கழற்றிவிட்டு அதே பாட்டைப் போடச் சொன்னேன். அடிச்சத்தம் கூடி, தெளிவாக வந்தது. பையன் ஸ்டீரியோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப இதுக்குக் கொடுத்த காசு?" என்றான். அதைக் கடையில் போய்க் கேள் என்றேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் செலவில் பாதி நம் பென்ஷனிலிருந்துதான் போகிறது. பேரன் கேட்டால் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுக்கும் முன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இரண்டும் ஒரே அளவு, ஒரே மாடலா? மொத்தம் எத்தனை ஓம் வரும், ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்குமா? ஒன்றைக் கழற்றிவிட்டுக் கேட்கவும், இரண்டையும் சேர்த்துக் கேட்கவும் விடுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு அவர் முகம் மாறினால், கடையில் விற்காமல் கிடக்கும் ஒற்றை ஸ்பீக்கரை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அர்த்தம்.