மக்கள் பணத்தில் விளைந்த மருந்து கம்பெனி விலைக்கா?

2025 மார்ச் 27-ந் தேதி அமெரிக்க சர்க்காரின் சுகாதாரத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பத்தாயிரம் ஊழியர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்! ஏற்கெனவே விலகியவர்களையும் விலக்கப்பட்டவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், 82,000 பேர் வேலை பார்த்த துறை 62,000 பேராகச் சுருங்கும். அந்தப் பத்தாயிரத்தில் 1,200 பேர் தேசிய சுகாதார நிலையங்களின் ஊழியர்கள். இதற்குச் "சிக்கனம்" என்று பெயர் சூட்டினார்கள்.

இந்தச் சிக்கனத்தின் லட்சணம் சில நாட்களிலேயே வெட்டவெளிச்சமாயிற்று. மேரிலாந்து மாகாணத்தில் பெதஸ்டா என்ற ஊரில் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காத்திருந்த புற்றுநோயாளிகள் இருவருக்கு, சிகிச்சை தாமதப்படும் என்ற செய்தி ஏப்ரல் மாதம் பத்திரிகைகளில் வந்தது. காரணம் என்ன? அவர்களுக்கான உயிரணுக்களை வளர்த்துக் கொடுக்கும் தேர்ந்த ஊழியர்களின் சீட்டு கிழிக்கப்பட்டுவிட்டது. ஆராய்ச்சிசாலைக்குச் சாமான் வாங்கும் வேலையும் முடங்கிப்போயிற்று.

புற்றுநோய் முற்றிய மனிதனுக்கு ஒரு மாதம் என்றால் என்ன அர்த்தம் என்பதை, வீட்டில் அந்த நோயைக் கண்டவர்கள் அறிவார்கள். அவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் இந்த வேலையை நடத்திவந்தவர் டாக்டர் ஸ்டீவன் ரோசன்பெர்க். ரண சிகிச்சை நிபுணர். ஆராய்ச்சி விஞ்ஞானியும் அவரே. அவருடைய கதையை நாம் இங்கே எடுத்துச் சொல்வது ஒரு தனி மனிதரைப் போற்றிப் பாடுவதற்காக அல்ல. மக்கள் பணம் எதைச் சாதிக்கும், அந்தச் சாதனையை யார் கொண்டுபோகிறார்கள் என்பதை அந்தக் கதை விளக்குகிறது என்பதற்காகத்தான்.

ஒரே கூரையின் கீழ்

ரோசன்பெர்க் 1940-ல் நியூயார்க் நகரில் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள். சிறிய சிற்றுண்டிக் கடை நடத்திப் பிழைத்தவர்கள். 1968-ல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், முன்னாள் சிப்பாய்களுக்கான சர்க்கார் ஆஸ்பத்திரியில் அவர் பயிற்சி டாக்டராக இருந்தபோது, பித்தப்பை வலியோடு ஒருவர் வந்தார். அவருடைய பழைய குறிப்பைப் புரட்டிய இளம் டாக்டர் திகைத்துப்போனார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த மனிதருக்கு வயிற்றில் புற்றுநோய். அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. இனிச் செய்வதற்கு எதுவுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். பித்தப்பையை அகற்றும்போது ரோசன்பெர்க் கல்லீரலைத் தடவிப் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை! எந்த மருந்தும் இல்லாமல் உடம்பே புற்றுநோயை விழுங்கிவிட்டது.

வேறொருவராக இருந்தால், அதிசயம் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருப்பார். கட்டிலருகே எழுந்த கேள்வியை ரோசன்பெர்க் ஆராய்ச்சிசாலைக்கு எடுத்துச் சென்றார். உடம்பின் காவல்படையான வெள்ளணுக்களுக்குப் புற்றுநோயை அழிக்கும் சக்தி உண்டு என்றால், அந்தப் படையைப் பெருக்கி அனுப்ப முடியாதா?

1974-ல், 34 வயது நிரம்புவதற்கு முன்பே, அவர் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ரண சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவரானார். அந்த நிலையம் அடங்கிய தேசிய சுகாதார நிலையங்களின் ஆஸ்பத்திரி 1953-ல் திறக்கப்பட்டது. நோயாளியின் படுக்கையும் விஞ்ஞானியின் மேஜையும் ஒரே கட்டிடத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் திட்டம். அங்கே சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. செலவு முழுவதும் வரிப் பணம்.

இந்த ஏற்பாட்டின் பலன் என்ன? ரண சிகிச்சை மேஜையில் அகற்றிய கட்டி குப்பைக்குப் போகாமல் ஆராய்ச்சிசாலைக்குப் போனது. கட்டிக்குள் ஊடுருவிப் போராடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றைக் கோடிக்கணக்கில் வளர்த்தார்கள். பிறகு அதே நோயாளியின் ரத்தத்தில் திரும்பச் செலுத்தினார்கள். வெட்டுகிற கையும் ஆராய்கிற கையும் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் இந்த வேலை நடந்திருக்குமா என்று கேட்கிறோம்.

தோல்விக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

வெற்றி உடனே வந்துவிடவில்லை. வெள்ளணுக்களை வளரச்செய்யும் இன்டர்லூக்கின்-2 என்ற பொருள் 1976-ல் அதே தேசியப் புற்றுநோய் நிலையத்தில் கண்டறியப்பட்டது. அதன் பிறகும் அறுபதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. வேறு வழியில்லாத நிலையில், "எனக்குப் பயன்படாவிட்டாலும் பின்னால் வருகிறவருக்குப் பயன்படட்டும்" என்ற எண்ணத்தோடு உடம்பைக் கொடுத்த சாதாரண மக்கள் அவர்கள். 1984-ல்தான் முதல் வெற்றி. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உடம்பெங்கும் பரவியிருந்த ஒரு பெண் பிழைத்தார். 1985-ல் வெளியிட்ட அறிக்கையில், 25 நோயாளிகளில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது என்று தெரிவித்தார்கள்.

எந்தக் கம்பெனி இத்தனை தோல்விகளுக்குப் பணம் போட்டுக் காத்திருக்கும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனி பத்தாவது நோயாளியோடு கடையைக் கட்டியிருக்கும். தோல்விக்குச் சம்பளம் கொடுத்தது வரி செலுத்திய அமெரிக்கத் தொழிலாளியும் விவசாயியும்.

அடுத்த கட்டம் இன்னும் பெரியது. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும் புதிய மரபணுவை அவற்றில் புகுத்தி, திரும்பச் செலுத்துவது. இந்த முறைக்கு "கார்-டி" என்று பெயர். லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு 2009-ல் பெதஸ்டாவில் இந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டது. கட்டிகள் கரைந்தன. 2010-ல் அறிக்கை வெளிவந்தது.

பிறகு வந்தவர்கள்

வெற்றியின் வாசனை வந்ததும் பணமூட்டைகள் வந்து சேர்ந்தன. 2009-ல் தொடங்கப்பட்ட கைட் என்ற கம்பெனி, 2012-ல் தேசியப் புற்றுநோய் நிலையத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2017 ஆகஸ்டில், கிலியட் என்ற மருந்து ஏகபோகம் கைட்டை 1,190 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அக்டோபரில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. விலை என்ன தெரியுமா? ஒரு நோயாளிக்கு 3,73,000 டாலர்! அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி.

கட்டியிலிருந்து வெள்ளணுக்களை எடுத்து வளர்க்கும் பழைய முறைக்கும் இதே கதிதான். அயோவான்ஸ் என்ற கம்பெனி அதை மெலனோமாவுக்கு மருந்தாக்கி, 2024 பிப்ரவரியில் அனுமதி பெற்றது. அப்போது வைத்த விலை 5,15,000 டாலர். பெதஸ்டாவில் காசு வாங்காமல் கொடுக்கப்பட்ட சிகிச்சை, சந்தைக்கு வந்ததும் அரண்மனைச் சரக்காகிவிட்டது.

கம்பெனிகளின் வக்கீல்கள் ஒரு வாதம் சொல்வார்கள். "சர்க்கார் ஆராய்ச்சிசாலை ஐம்பது பேருக்குச் செய்யும், ஐயாயிரம் பேருக்குச் செய்ய ஆலை வேண்டும், பல ஊர்களில் சோதனை வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். இதற்கெல்லாம் முதல் போட்டவன் லாபம் எடுக்கக் கூடாதா?" என்பார்கள்.

ஆலைக்கும் சோதனைக்கும் செலவு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ரோசன்பெர்க் 1980-களில் பயன்படுத்திய இன்டர்லூக்கின்-2 கூட ஒரு கம்பெனி தயாரித்ததுதான். ஆனால் கணக்கு என்றால் முழுக் கணக்காக இருக்கட்டும். கம்பெனி போட்ட பணத்தை எழுதும் பேரேட்டில், நாற்பது ஆண்டு வரிப் பணம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? உடம்பைக் கொடுத்து இறந்துபோன நோயாளிகளின் பங்கு எந்த வரியில் இருக்கிறது? விதைத்தவனுக்கு வைக்கோல், அறுக்க வந்தவனுக்கு நெல்லா?

பூட்டை உடைத்தவர்கள்

இந்தக் கொள்ளையைத் தடுக்க ஒரு பூட்டு இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சர்க்கார் ஆராய்ச்சிசாலைகள் தனியார் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ள 1986-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1989-ல் தேசிய சுகாதார நிலையங்கள் அந்த ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தன: மக்கள் போட்ட முதலுக்கும், மக்களின் உடல்நலத் தேவைக்கும் பொருத்தமான நியாய விலை இருக்க வேண்டும். கம்பெனிகள் கூச்சலிட்டன. "ஆராய்ச்சியே நின்றுபோகும்" என்று பயமுறுத்தின. 1995-ல் நிபந்தனை கைவிடப்பட்டது. கைட் வந்தபோது கதவு திறந்தே கிடந்தது!

இயற்கை விதியால் ஏறிய விலை அல்ல இது. மனிதர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்த நிபந்தனையை, மனிதர்கள் கையெழுத்துப் போட்டுத் திரும்பக் கொண்டுவர முடியும்.

நம் நாட்டில்

இது அமெரிக்கர்களின் கவலை என்று நாம் சும்மா இருக்க முடியாது. 2023 அக்டோபரில் இந்தியாவிலும் ஒரு கார்-டி சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அதை உருவாக்கியவை பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும். டாட்டா பெயர் தாங்கினாலும் அந்த ஆஸ்பத்திரி 1957-ல் மத்திய சர்க்காரின் பொறுப்புக்கு வந்தது. 1962-ல் அணுசக்தித் துறையின் கீழ் சேர்ந்தது. 1966-ல் ஆஸ்பத்திரியும் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பெதஸ்டாவில் இருந்த அதே ஏற்பாடு: படுக்கையும் ஆராய்ச்சிசாலையும் பொதுப் பணத்தில், ஒரே நிர்வாகத்தில். அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு இந்தச் சிகிச்சை இங்கே உருவானது தற்செயல் அல்ல.

இது நமது விஞ்ஞானிகளின் பெருமை. ஆனால் பத்தில் ஒரு பங்கு என்பதும் முப்பது, நாற்பது லட்சம் ரூபாய்! ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் தம் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. இங்கும் விற்பனை ஒரு கம்பெனி மூலமாகத்தான். எனவே கேள்வி நம் வாசலுக்கும் வந்துவிட்டது.

வெட்டுவது எதை?

இப்போது 2025-க்குத் திரும்புவோம். ஆட்குறைப்பு நடந்த அதே வாரத்தில் ரோசன்பெர்க்கின் குழு ஒரு புதிய முடிவை வெளியிட்டது. குடல், வயிறு போன்ற ஜீரண உறுப்புகளில் தோன்றிப் பரவிய புற்றுநோய்களிலும், தேர்ந்தெடுத்து வளர்த்த வெள்ளணுக்களோடு இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுத்ததில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. தேர்ந்தெடுக்காத அணுக்களைக் கொடுத்தபோது ஒருவருக்கும் சுருங்கவில்லை. நாற்பது ஆண்டு ஆராய்ச்சி மிகச் சாதாரணமான, மிக அதிகமாகக் கொல்லுகிற புற்றுநோய்களின் கதவைத் தட்டும் நேரம் அது. அந்த நேரத்தில் உயிரணு வளர்க்கும் ஊழியரின் சீட்டைக் கிழித்தார்கள்.

சர்க்கார் ஆராய்ச்சி வீண் என்பவர்களிடம் நாம் நேராகக் கேட்கிறோம். வீண் என்றால், அதன் கனிக்கு 1,190 கோடி டாலர் கொடுத்தது ஏன்? கனி வேண்டும், மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற மனமில்லை என்றால், அடுத்த தலைமுறை நோயாளி எதை உண்பான்?

பத்திரிகைகள் ரோசன்பெர்க்கை மேதை என்று புகழ்கின்றன. புகழட்டும், அதற்கு அவர் தகுதியானவரே. ஆனால் தனி மேதையால் உயிரணு வளராது. இரவு பகலாக அதைப் பேணும் டெக்னீஷியன் வேண்டும், நர்ஸ் வேண்டும், காசு கேட்காத படுக்கை வேண்டும், தோல்வியைப் பொறுக்கும் பொது நிதி வேண்டும். இவற்றை அழித்துவிட்டு மேதைக்கு மாலை போடுவது கபட நாடகம்.

பொதுப் பணத்தில் பிறந்த மருந்துக்கு நியாய விலை நிபந்தனை, அமெரிக்காவானாலும் இந்தியாவானாலும், ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். இந்தச் சிகிச்சையை நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஏழை நோயாளிக்கு இலவசமாகக் கொடுக்க வழி செய்ய வேண்டும். நோயாளியின் படுக்கையையும் ஆராய்ச்சிசாலையையும் இணைக்கும் பொது நிலையங்களுக்கு நிதியை வெட்டாமல் பெருக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் டாக்டர்களும் மாணவர்களும் இந்தக் கோரிக்கைகளைக் கையில் எடுக்க வேண்டும் என்று அழைக்கிறோம். விதைத்தவர்கள் மக்கள். விளைச்சலைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.