பரணில் கிடக்கும் பெட்டியை இறக்குங்கள்

நம் சங்கத்து அன்பர்கள் பலர் வீட்டிலும் பரணில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மகன் கொண்டுவந்த மின்சார கிரில் அது. இரண்டு தட்டுகள் புத்தகம் போல மூடித் திறக்கும். வந்த அன்று அதில் ரொட்டி சுட்டுத் தின்றிருப்பார்கள். பேரப்பிள்ளைகள் விமானம் ஏறியதும் அது பரண் ஏறியிருக்கும். எங்கள் வீட்டிலும் ஆறு வருடம் அப்படித்தான் கிடந்தது.

அதை இறக்கி அன்றாடச் சமையலுக்கு வைத்துக்கொள்ள வேண்டும், முக்கியமாக வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடுகளில், என்பது என் கட்சி. இதைச் சொன்னபோது நாகர்கோவில் நண்பர் ஒருவர், "அண்ணாச்சி, இது சமையலா, இஸ்திரி போடுறதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் விஷயம் சிரிப்பதற்கில்லை.

என் மனைவிக்குச் சென்ற வருடம் முதல் மறதி. ஒரு நாள் ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அவள் வாசலில் பூக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்து ஜன்னலைத் திறந்தேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு நாள் சேலைத் தலைப்பின் ஓரம் கருகியது. விஷயம் தெரிந்ததும் மகன் போன் செய்து, "அம்மாவை இனி அடுக்களைக்கு விடாதீங்கப்பா, மெஸ்ஸில் சொல்லி சாப்பாடு வாங்குங்க" என்றான். அவன் பயம் நியாயமானது. நானும் அப்படியே செய்தேன். வெளியே போகும்போது ரெகுலேட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது. நாற்பத்தோரு வருடம் அந்த அடுக்களையை நடத்தியவள். ஷிப்ட் முடிந்து இரவு பன்னிரண்டு மணிக்கு வந்தாலும் எனக்குச் சூடாகப் போட்டவள். காலையில் குளித்துவிட்டு அடுக்களை வாசல் வரை வருவாள், நிற்பாள், திரும்பிப் போய் முன்னறையில் உட்காருவாள். மெஸ் சாப்பாட்டில் இரண்டு கவளம் தின்பாள். "எனக்கு என்ன வேலை இந்த வீட்டுல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

மாற்ற வேண்டியது நெருப்பைத்தான், ஆளை அல்ல என்று அப்போதுதான் தோன்றியது. ரயில்வேயில் மின்பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அன்று விடியற்காலையில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள் விதியை மீறி உள்ளே வைத்திருந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். நம் நாகர்கோவிலிலிருந்து மதுரைக்குப் போன வண்டியில் இணைக்கப்பட்ட பெட்டிதான் அது. இந்த ஆபத்தை நினைத்துத்தான் ரயில்வே தன் புதிய சமையல் பெட்டிகளில் தீயில்லாமல் மின்சாரத்தால் சமைக்கும் முறைக்கு மாறியது. ஓடுகிற வண்டியில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அது முடியும் என்றால், கரமனையில் இரண்டு பேருக்கு முடியாதா?

பெட்டியை இறக்கி, துடைத்து, சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். நம் பாட்டிமார் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துதான் சமைத்தார்கள். பெண்களை நிற்க வைத்தது கேஸ் மேடைதான். மூட்டுவலிக்காரர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே கிரிலைச் சிபாரிசு செய்வேன்.

இதில் தெர்மோஸ்டாட் இருப்பதால் தட்டு ஓர் அளவுக்குச் சூடானதும் மின்சாரம் தானே நிற்கும், ஆறினால் தானே வரும். அது மறதிக்குப் போதாது என்று சுவரில் பிளக்குக்கு முன்னால் 16 ஆம்பியர் தாங்கும் ஒரு டைமர் போட்டேன். முப்பது நிமிடம் ஆனால் அடியோடு அணைந்துவிடும். அவள் மறக்கலாம், டைமர் மறக்காது.

என்னவெல்லாம் வருகிறது என்று கேட்பீர்கள். அடை பிரமாதம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகிறது, திருப்பிப் போடும் வேலை இல்லை. தட்டையான தட்டு உள்ள கிரிலாக இருக்க வேண்டும், வரிவரியான தட்டில் மாவு பள்ளத்தில் நின்றுவிடும். வாழைக்காய், சேனை, கத்தரிக்காய் ஆகியவற்றை வில்லையாக நறுக்கி, மிளகாய்த்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய் பிரட்டி வைத்தால் பத்து நிமிடத்தில் பொரியல் ருசி. சாலைக் கடைத்தெருவில் வாங்கிய ஏத்தம்பழத்தை நீளவாக்கில் பிளந்து வைத்துப் பாருங்கள், மாலைப் பலகாரம் முடிந்தது. மீன் சாப்பிடும் வீட்டார் அயலையை மசாலா தடவி வாட்டிய வாழையிலையில் பொதிந்து வைக்கலாம். இலையை மீறி எண்ணெய் தெறிக்காது, வீடும் நாறாது. சப்பாத்தி சுமார். தோசை வராது, மெல்லிய தோசைக்கு ஆசைப்பட்டு நாலு கரண்டி மாவை வீணாக்கினேன். சோறும் குழம்பும் இதன் வேலையே அல்ல. சோற்றுக்குத் தனியே மின்சாரக் குக்கர் வாங்கினேன். சாம்பாரை மட்டும் நான் பக்கத்தில் நிற்கும்போது கேஸில் வைக்கிறோம்.

அடுத்த கேள்வி கரண்டு பில். பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ சமையல் கேஸில் ஏறத்தாழ 11,000 கிலோகலோரி வெப்பம் உண்டு. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி. 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது 180 யூனிட் அளவு வெப்பம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள அடுப்பில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. மீதி அடுக்களையைச் சூடாக்கும், சமைப்பவரையும். ஆக, சிலிண்டரிலிருந்து சோற்றுக்குள் போவது 120 யூனிட் சொச்சம். அதை உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். எங்கள் 1,000 வாட் கிரில் நாளொன்றுக்கு மொத்தம் முக்கால் மணி நேரம் ஓடுகிறது. ஒரு வாரம் மீட்டரைப் பார்த்து எழுதினேன், நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாத பில்லில் முப்பத்தைந்து யூனிட்டுக்குள்.

ஒரு எச்சரிக்கை உண்டு. கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான விலை போய், மொத்த யூனிட்டுக்கும் ஒரே விகிதம் வந்துவிடும். ஏ.சி. ஓடும் வீடுகள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கின்றன, அவர்கள் பார்த்துச் செய்ய வேண்டும். மாலை 6 மணி முதல் 10 மணி வரை மாநிலம் முழுவதும் பளு உச்சத்தில் இருக்கும் நேரம். 2024 மே மாதக் கோடையில் அந்த உச்சம் 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அடையை ஐந்தரைக்குச் சுட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

இனி, பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வாங்கிய கிரில்லை அப்படியே இங்கே மாட்டாதீர்கள். 120 வோல்ட்டுக்குச் செய்ததை 230 வோல்ட்டில் மாட்டினால் 1,000 வாட் பெட்டி 3,600 வாட்டுக்கு மேல் இழுக்கும். அம்மா சுவிட்சைப் போட்ட நிமிடமே புகையும். வளைகுடாப் பெட்டிகளுக்கு வோல்ட் பிரச்சினை இல்லை. ஆனால் அதன் பட்டைக் கால் பிளக்கை இருபது ரூபாய் அடாப்டரில் சொருகுகிறார்கள், அது உருகும். பிளக்கை வெட்டி நம் ஊர் மூன்று கால் பிளக்கைப் போடச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிரேக்கர் இல்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள், கிரில் அப்புறம். ஐப்பசி மாலையில் இடி தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தென்னை மட்டை விழுந்து கரண்டு போகும் ஊர் இது என்பதால் கேஸ் இணைப்பை முழுவதும் விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

ருசி பழையபடி இல்லை என்று சொல்லும் ஆண்களுக்கு நான் சொல்வது, நாற்பது வருடம் அவள் கையால் தின்ற ருசிக்கு இது வட்டி. போன வாரம் அவள் அடையில் உப்புப் போட மறந்துவிட்டாள். நான் சட்னியைக் கூடத் தொட்டுக்கொண்டேன். அடுத்த நாள் மறக்கவில்லை, மகனிடம் போனில் அடைக்கு எத்தனை பங்கு அரிசி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு எங்கள் கிரிலைக் கொண்டுவருகிறேன். மேடைக்குப் பின்னால் ஒரு 16 ஆம்பியர் பிளக் இருக்கிறது, பார்த்துவைத்திருக்கிறேன். மாவு அரைத்துத் தர அவள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். இஸ்திரி என்று சொன்ன நண்பருக்கு முதல் அடை.