வீட்டுக் கணக்கு: தளம் போடுமுன் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள்

கல்யாணச் சமையலுக்கு எத்தனை இலை, எத்தனை கூட்டு, அப்பளம் ஒன்றா இரண்டா என்று விரல் விட்டு எண்ணி லிஸ்ட் போடுகிறவர்கள் நாம். வீட்டுக்குத் தளம் போடும்போது மட்டும் ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்ற ஒரே வரிக்குத் தலையாட்டி விடுகிறோம்!

என் வீட்டுக்காரர் வாசுதேவநல்லூரில் சின்ன கான்ட்ராக்டர். புளியங்குடி, சிவகிரிப் பக்கமும் கான்கிரீட் வேலை எடுப்பார். அளவெடுத்து வருவது அவர். எஸ்டிமேட் எழுதுவது நான். அந்தப் பழக்கத்தில்தான் இதைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, மூத்த மகள் பிரசவத்துக்கு வருமுன் ஓட்டைப் பிரித்துவிட்டு ஓர் அறைக்காவது தளம் போட்டுவிட வேண்டும் என்று கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாள். வேலைக்கு வந்த மேஸ்திரி துண்டுத்தாளில் ‘ரூம் தளம்’ என்று எழுதி, கீழே ஒரு தொகை போட்டுக் கொடுத்தார். தளம் போட்டாயிற்று. பிறகு சன்ஷேடுக்குத் தனி, மாடிப்படிக்குத் தனி, தட்டோடு பதிக்கத் தனி என்று வரிசையாகக் கேட்கலானார். கொடுக்கப் பணமில்லை, வேலை நின்றது. மகளின் பிரசவம் வாடகை வீட்டில் நடந்தது.

“அதெல்லாம் சேத்துத்தான்னு நெனச்சேன் அக்கா. எழுதிக் கேட்டா அவுக சங்கடப்படுவாகளேன்னு விட்டுட்டேன்” என்று அவள் கண் கலங்கினாள். மேஸ்திரி மனசிலிருந்த ‘தளம்’ ஒன்று. இவள் மனசிலிருந்த ‘தளம்’ வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்க அந்தத் துண்டுத்தாளால் முடியவில்லை.

நல்ல எஸ்டிமேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அளவு

நீளம், அகலம், கனம் மூன்றும் வேண்டும். 20 அடிக்கு 15 அடி என்றால் 300 சதுர அடி. கனம் 5 அங்குலம் என்றால் 125 கன அடி கான்கிரீட். 4 அங்குலம் என்றால் 100 கன அடிதான். இந்த ஓர் அங்குல வித்தியாசத்தில் மட்டும் ஐந்தாறு மூட்டை சிமெண்ட் இருக்கிறது! இரண்டு பேர் எஸ்டிமேட் கொடுத்து ஒன்று மலிவாகத் தெரிந்தால், முதலில் கனத்தைப் பாருங்கள். எவ்வளவு கனம் வேண்டும் என்பதை அறையின் அகலத்தைப் பார்த்து இன்ஜினீயர் சொல்ல வேண்டும்.

2. கலவையும் கம்பியும்

‘நல்ல கலவை’ என்று எழுதினால் போதாது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்-20 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது 2000-ம் வருஷத்து இந்தியத் தர விதி. கையால் கலக்கும் வழக்கில் அது 1 பங்கு சிமெண்ட், 1½ பங்கு மணல், 3 பங்கு முக்கால் ஜல்லி. சிமெண்ட் எந்த வகை, ஆற்று மணலா எம்.சாண்டா என்பதும் தாளில் வரட்டும்.

கம்பியை எடை போட்டு வாங்குகிறோம். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று, 8 மி.மீ. என்றால் ஏறக்குறைய 4¾ கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 12 மி.மீ. 10.7 கிலோ. எந்தக் கம்பி, எத்தனை அங்குல இடைவெளியில் என்று எழுதி வாங்கினால், கம்பி கட்டி முடித்த அன்று டேப்பைப் பிடித்து நீங்களே பார்த்துவிடலாம்.

3. எது சேர்ந்தது, எது சேராதது

இதுதான் உயிர்நாடி. சென்ட்ரிங் பலகையும் முட்டும் யாருடையது? மிக்சர் வாடகை, தண்ணீர், கரண்டு யார் பொறுப்பு? சன்ஷேட், கைப்பிடிச் சுவர், படி, தட்டோடு சேர்த்தியா? ‘சேராதவை’ என்று தலைப்பிட்டே எழுதச் சொல்லுங்கள். நான் எழுதும்போது அந்தப் பட்டியலைத்தான் முதலில் எழுதுவேன்.

4. தண்ணீர் ஊற்றுவது

பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது யார் வேலை என்று எழுதாவிட்டால், யாரும் செய்ய மாட்டார்கள். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. சிமெண்டுக்கும் கடும் வெயில் காலத்துக்கும் 10 நாள். 14 நாள் நிறுத்தினால் இன்னும் நல்லது. ஆனி, ஆடிக் காற்றும் ஈரத்தை இழுத்துவிடும். வெயில் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். முட்டைப் பிரிக்கும் நாளையும் குறித்துக் கொள்ளுங்கள். நாலரை மீட்டர் வரை உள்ள அகலத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள், பி.பி.சி. என்றால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். வெடித்த தளம் ஒழுகிச் சுவர் ஓதம் கண்டால், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் சளியும் இருமலும் விடாது.

5. பணம் கொடுக்கும் படிகள்

தேதி பார்த்துக் கொடுக்காமல் வேலை பார்த்துக் கொடுங்கள். அட்வான்ஸ் இவ்வளவு, சென்ட்ரிங் முடிந்ததும் இவ்வளவு, கான்கிரீட் போட்டதும் இவ்வளவு என்று பிரித்து, பத்தில் ஒரு பங்கையாவது முட்டுப் பிரித்துப் பார்க்கும்வரை கையில் வையுங்கள். சிமெண்ட், கம்பி விலை ஏறி இறங்குவதால் ‘இந்த விலை 15 நாள்வரை’ என்று கான்ட்ராக்டர் எழுதுவதும் நியாயமே. நடுவில் நீங்கள் ஓர் அலமாரி பரண் கூடுதலாகக் கேட்டால், அதையும் விலையோடு எழுதிக் கையெழுத்துப் போட்டபின் ஆரம்பிக்கட்டும்.

மேஸ்திரிக்கு எழுதிப் பழக்கமில்லையா? அவர் சொல்லச் சொல்ல நீங்களே பள்ளிக்கூட நோட்டில் கார்பன் வைத்து எழுதுங்கள். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக் கொள்ளுங்கள். “சந்தேகப்படுதியளா?” என்று கேட்டால், “இல்லண்ணே, எனக்கு ஞாபகம் நிக்காது” என்று சிரித்துக் கொண்டே சொல்லுங்கள். இதனால் அவருக்கும் பாதுகாப்புதான். முடித்த வேலைக்குப் பணம் வராமல் அலைகிற மேஸ்திரிகளும் உண்டு.

காசு வாங்கிக் கொண்டு வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்படி ஒரு சேவைதான். 2019-ம் வருஷச் சட்டப்படி, குறை ஏற்பட்ட 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது, “எழுதி வாங்கினீர்களா அம்மா?” என்பதைத்தான். தாளையும் பணம் கொடுத்த ரசீதுகளையும் ஒரே பையில் போட்டு, நகைச் சீட்டோடு பத்திரமாக வையுங்கள்.

அடுத்த இதழில்: தட்டோடு பதிக்கும்போது கவனிக்க வேண்டியவை.