பெருக்கலும் கழித்தலும்



வேப்பூரிலும் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளிலும் கூலிக்கு உழைக்கும் நம் இளைஞர், வளைகுடா வேலை என்றதும் அந்நாட்டுச் சம்பளத்தை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கின்றனர். பெருக்கியபின் கழிக்கவும் வேண்டுமன்றோ?

எடுத்துக்காட்டாக, சவூதியில் மாதம் 1,000 ரியால் சம்பளம் என்போம். ரியாலுக்கு 22 ரூபாய் எனக் கொண்டால் அது 22,000 ரூபாய். ஆனால் உண்பதும் உடுப்பதும் அங்கே ரியாலில்தான். அவற்றிற்கு 400 ரியால் போனால் எஞ்சுவது 13,200 ரூபாய். பயணத்திற்கென நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஓர் இலட்சம் கடன் வாங்கியிருப்பின், மாதந்தோறும் 3,000 போய்விடும். மீதி 10,200, அசலோ அப்படியே நிற்கும். இங்கே மனைவி மக்களோடிருந்து ஈட்டும் கூலியை இத்தொகையோடன்றோ நாம் ஒப்பிட வேண்டும்?

ஆகவே, உறைவிடமும் உணவும் முதலாளியின் பொறுப்பா என்பதை ஒப்பந்தத்தில் படித்தறிவோம். முகவர் பெறும் கட்டணம், வரி நீங்கலாக, 30,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்பது அரசு விதி. அவர் 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதைச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் உசாவி அறியலாம்.

மகன் புறப்படுமுன் வீட்டார் அனைவரும் கூடியமர்ந்து இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. நகை அடகுக்குப் போனபின் போடும் கணக்கால் பயனில்லை.